பவர் இல்லாத கண்ணாடி

கொலைகாரி யார், செத்தவர்கள் யார், ஏன் கொன்றாள் என்ற மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்துவிடும் ஒரு த்ரில்லரை எதற்காக மேற்கொண்டு படிக்க வேண்டும்? ரூத் ரெண்டலின் 'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்' நாவலைத் திறக்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். 1977-இல் வெளிவந்த நாவல். யூனிஸ் பார்ச்மன் என்பவள் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். அந்த வீட்டின் நான்கு பேரையும் சுட்டுக் கொல்கிறாள். காரணம், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவ்வளவுதான். ஸ்பாய்லர் அலர்ட் போட வழியே இல்லாத கதை இது. ஆசிரியரே முதல் ஆளாக ஸ்பாய்லர் சொல்லிவிட்டார்.

சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அறுபது ரூபாய்க்கு இதை வாங்கினேன். ஒரே இரவில் படித்து முடித்தேன். பிறகு மூன்று வாரம் அதோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிடித்ததா என்று கேட்டால் பிடித்தது. ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டால் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் கதை. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சஃபோக் என்ற வட்டாரம். அங்கே ஒரு சின்ன கிராமத்துக்கு வெளியே லோஃபீல்ட் ஹால் என்ற பெரிய வீடு. அப்பா ஜார்ஜ் கவர்டேல், அவருடைய இரண்டாவது மனைவி ஜாக்குலின், ஜார்ஜின் மகள் மெலிண்டா, ஜாக்குலினின் மகன் ஜைல்ஸ். எல்லோரும் படிப்பாளிகள். மெலிண்டா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறாள். ஜைல்ஸ் புத்தகத்தைவிட்டுத் தலையைத் தூக்காத பையன், மாதம் ஒரு மேற்கோளை அறைச்சுவரில் குத்தி வைப்பவன். வீடு முழுக்கப் புத்தகங்கள். இவ்வளவு பெரிய வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் கிடைக்காமல் ஜாக்குலின் தவிக்கும்போதுதான் யூனிஸ் வருகிறாள். நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும், அதிகம் பேசாத பெண். வீட்டைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைக்கிறாள். சமையல், துணி, பாத்திரம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஜாக்குலினுக்குச் சொர்க்கமே கிடைத்த மாதிரி.

ஆனால் அந்த வீட்டில் எல்லாமே எழுத்தில்தான் நடக்கிறது. சமையலறை மேசையில் ஜாக்குலின் ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறாள். ஒருநாள் ஜார்ஜ் ஆபீசிலிருந்து போன் பண்ணி, மேசைமேல் இருக்கும் காகிதங்களில் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார். நமக்கு இதெல்லாம் அரை நிமிட வேலை. யூனிஸுக்கு ஒவ்வொன்றும் குண்டு. த்ரில்லர்களில் இருட்டறையில் கதவு கிரீச்சிடும்போது வரும் பயத்தை, ரெண்டல் ஒரு மளிகை லிஸ்ட்டை வைத்து வரவழைக்கிறார். யார் கொலைகாரி என்ற புதிரை முதல் வரியிலேயே தூக்கி எறிந்ததன் லாபம் இதுதான். இனி நாம் கத்தியையோ துப்பாக்கியையோ தேட மாட்டோம். காகிதத்தைப் பார்த்தாலே பயப்படுவோம். அடுத்த சீட்டு எப்போது வரும் என்று யூனிஸோடு சேர்ந்து நமக்கும் வயிற்றைப் பிசையும்.

அவளுடைய குடும்பப் பெயரையே பாருங்கள், பார்ச்மன். ஆங்கிலத்தில் அதில் ஒரு எழுத்தை மாற்றி, கடைசியில் இன்னொரு எழுத்தைச் சேர்த்தால், அந்தக் காலத்தில் எழுதப் பயன்படுத்திய தோல் வந்துவிடும். எழுத்தே ஏறாத எழுதுதோல்!

வீட்டுக்காரர்கள் ஒரு கட்டத்தில், பாவம், இவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கும் என்ற நினைப்பே அவர்களுக்கு வருவதில்லை. யூனிஸ் அந்தத் தப்பிதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொள்கிறாள். பவர் இல்லாத வெறும் கண்ணாடி. எதையாவது படிக்கச் சொன்னால் கண்ணாடி கையில் இல்லை என்று நழுவிவிடலாம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு இந்த வசனத்தை நன்றாகத் தெரியும்.

"தம்பி, கண்ணாடி கொண்டாரல. இது ஆலங்குடி போவுமாய்யா?"

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என் அப்பத்தா சொல்லும் வசனம் இது. பத்து வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பலமுறை கேட்டிருக்கிறேன். அப்பத்தாவிடம் கண்ணாடியே கிடையாது. கடைசிவரை கிடையாது. எழுபது வயதிலும் ஊசியில் நூல் கோத்தவர். கேட்கப்படும் தம்பிக்கும் விஷயம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். யாரும் ஒரு நாளும், "என்ன பாட்டி, படிக்கத் தெரியாதா?" என்று கேட்டதில்லை. "போவும் ஆத்தா, ஏறு" என்பார்கள். அந்த ஒரு பொய்யை இரண்டு பக்கமும் மரியாதையோடு காப்பாற்றினார்கள்.

யூனிஸும் அப்பத்தாவும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, ஒரே மொழி பேசியதில்லை. ஆனால் இருவரும் ஒரே தந்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ரெண்டல் இதை எங்கிருந்து பிடித்தார் என்று தெரியாது. ஆனால் சரியாகப் பிடித்திருக்கிறார். படிக்கத் தெரியாதவர்கள் படிப்பின்மையை மறைக்கக் கண்பார்வையைக் கடன் கேட்கிறார்கள். கண் தெரியாமல் போவது இயற்கை, அதில் வெட்கமில்லை. எழுத்து தெரியாமல் போவதுதான் வெட்கம்.

நம் ஊரில் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டவர் வள்ளுவர். 393-ஆவது குறளில், கற்றவர்களுக்குத்தான் கண் உண்டு, கல்லாதவர் முகத்தில் இருப்பவை இரண்டு புண்கள் என்கிறார். பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும்போது ஒரு நொடிகூட அப்பத்தாவின் முகம் நினைவுக்கு வராதபடி பாடத்திட்டம் பார்த்துக்கொண்டது. கல்வியின் பெருமையைச் சொல்லும் குறள் அது என்று கோனார் நோட்ஸ் போதும் போதும் என்கிற அளவு விளக்கிவிடும். யாருடைய முகத்தைப் பற்றிய குறள் என்று யாரும் கேட்பதில்லை.

ரெண்டலோடு என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. நாவலின் கதைசொல்லி, யூனிஸின் எழுத்தறியாமை அவளுடைய இரக்கத்தை வற்றவைத்து, கற்பனையை முடக்கிவிட்டது என்று ஒரு கோட்பாட்டை வைக்கிறார். அதாவது, புத்தகம் படிப்பவர்களால்தான் அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க முடியும். படிக்காதவளுக்கு அந்தத் தசை வளரவே இல்லை. இதைக் கதைசொல்லி அறிவியல் உண்மை போலவே சொல்லிவிட்டுப் போகிறார். படிக்கிறவர்களாகிய நமக்கு இது எவ்வளவு இனிப்பான செய்தி! நாவல் படிப்பதால் நாம் நல்லவர்கள். நம் வாசகர் குழுக்களில் வாரம் ஒருமுறையாவது யாராவது இதைச் சொல்வார்கள். இலக்கியம் மனதை விசாலமாக்கும், வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும், இத்யாதி.

அப்பத்தா ஒப்பாரி பாடுவார். தெருவில் சாவு விழுந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். செத்தவர் யாராக இருந்தாலும், அவருடைய மகளாக, மனைவியாக, சண்டை போட்டுப் பேசாமல் போன தங்கையாகத் தன்னை மாற்றிக்கொண்டு அங்கேயே வரிகட்டிப் பாடுவார். பாதிப் பாட்டில், சொத்துத் தகராறில் பத்து வருஷமாகப் பேசாத அண்ணன்காரன் சுவரில் முட்டிக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் இடத்தில் நின்று பார்ப்பது என்றால் இதைவிட வேறு என்ன? இதற்கு எந்தப் புத்தகம் உதவியது?

அறிவும் அப்படித்தான். சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்த எண்பதுகளில் வீட்டுக்கு ஏரோகிராம் வரும். அப்பத்தா அதை எடுத்துக்கொண்டு போய் ஒருவரிடம் படிக்கச் சொல்வார். பிறகு வேறு தெருவுக்குப் போய் இன்னொருவரிடம் படிக்கச் சொல்வார். மூன்றாவதாக வாத்தியார் வீட்டம்மாவிடம். அத்தை இதைச் சொல்லிச் சிரிப்பார். ஏன் மூன்று பேர் என்று கேட்டால் அப்பத்தாவின் பதில்: "ஒருத்தன் மறைப்பான், ஒருத்தன் சேப்பான். மூணு பேரும் ஒண்ணா சொன்னாத்தான் புள்ள சொன்னது." இன்று செய்தி சரிபார்க்கும் இணையதளங்கள் செய்யும் வேலை இதுதான். அவர் அதைக் கைநாட்டுக் காலத்திலேயே செய்திருக்கிறார்.

அதனால், படிக்காதவள், ஆகவே கல்மனசுக்காரி என்ற ரெண்டலின் கணக்கை என்னால் ஏற்க முடியாது. இந்தக் கணக்கு ஆபத்தானதும்கூட. இன்றைக்கு ட்விட்டரில் எந்தக் கட்சிக்காரர் எந்தக் கட்சிக்காரரைத் திட்டினாலும் முதலில் வந்து விழும் சொல் 'தற்குறி'. தன் பெயரை எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் கீறலுக்குத்தான் தற்குறி என்று பெயர். பிறகு கீறலைப் போட்டவருக்கே அது பெயரானது. இப்போது யோசிக்கத் தெரியாதவன், கும்பலோடு கத்துகிறவன், மனிதத்தன்மை இல்லாதவன் எல்லாம் தற்குறி. டிகிரி வாங்கிய ஒருவன் டிகிரி வாங்கிய இன்னொருவனைத் திட்டுவதற்கு, பத்திரத்தில் கட்டைவிரலை வைத்த நம் பாட்டிகளை இழுத்து வருகிறான். யூனிஸைப் பற்றிய கதைசொல்லியின் கோட்பாட்டைச் சுருக்கினால் இந்த ஒற்றைச் சொல்தான் மிஞ்சும்.

சரி, இவ்வளவு கோபத்தோடு எதற்காக இந்த நாவலை நல்ல நாவல் என்கிறேன்?

ஏனென்றால் நாவல் அதன் முதல் வாக்கியத்தைவிட புத்திசாலி. அந்த வாக்கியம் காரணத்தைச் சொல்லிவிடுவதால் நாம் வேறு காரணம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். ஒரு மாயாஜாலக்காரர் வலது கையைக் காட்டுவதைப் போல அது. ஆனால் பக்கங்களுக்குள் போனால், ரெண்டல் வேறு ஒன்றை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார். யூனிஸ் இதற்கு முன்பே தன் அப்பாவைத் தலையணையால் அமுக்கிக் கொன்றவள். வருஷக்கணக்காகப் பெற்றோருக்குப் பணிவிடை செய்தே இளமை போய்விட்டது. அக்கம்பக்கத்தாரின் ரகசியங்களைத் தெரிந்துகொண்டு மிரட்டிக் காசு வாங்கியவள். லோஃபீல்ட் ஹாலுக்கு அவளைச் சேர்த்துவிட்ட சிபாரிசே அப்படி மிரட்டி வாங்கியதுதான். இதையெல்லாம் வெறும் எழுத்தறியாமை செய்யாது. ரெண்டலுக்கும் இது தெரியும். அவர் கட்டி எழுப்புவது படிக்காத ஒருத்தியின் கதையை அல்ல. படிக்கவில்லை என்பதை ஒரே ஒரு ஆளிடம்கூடச் சொல்ல முடியாமல் நாற்பது வருஷம் வாழ்ந்த ஒருத்தியின் கதையை.

போர்க்காலத்தில் லண்டனிலிருந்து வெளியூருக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளில் யூனிஸும் ஒருத்தி. அங்கும் இங்கும் மாறி மாறிப் பள்ளிப் படிப்பு சிதறிவிட்டது. அதற்குப் பிறகு கேட்க வெட்கம். வெட்கம் ரகசியமாகிறது, ரகசியத்துக்குக் காவல் தேவைப்படுகிறது, காவல் காக்க மனிதர்களை விட்டு விலக வேண்டியிருக்கிறது. ரகசியம் எவ்வளவு விலை பெறும் என்பது தன் ரகசியத்தைக் காப்பவளுக்குத்தானே நன்றாகத் தெரியும்? மிரட்டல் தொழில் அங்கிருந்துதான் வருகிறது.

அப்பத்தாவுக்கும் யூனிஸுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நல்லவள், கெட்டவள் என்பதில் அல்ல. அப்பத்தாவின் தெருவில் அவர் வயதுப் பெண்களில் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். படிக்காததுதான் அங்கே வழக்கம். கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்க மூன்று வீடுகள் இருந்தன. யூனிஸுக்கு ஒரு வீடுகூட இல்லை. ஊரெல்லாம் படித்த தேசத்தில் அவள் தன்னை ஒற்றை ஆள் என்று நம்பினாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் ஒற்றை ஆளே அல்ல. நாவல் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1975-இல், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகவே பிபிசி தொலைக்காட்சி 'ஆன் தி மூவ்' என்றொரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. பாப் ஹாஸ்கின்ஸ் அதில் வீடு மாற்றுபவர்களுக்குச் சாமான் ஏற்றும் தொழிலாளியாக நடித்தார். படிக்கத் தெரியாத பாத்திரம். தேசம் முழுக்கப் பார்க்கும் டிவியில் ஒருவர் வந்து "எனக்குப் படிக்கத் தெரியாது" என்று காட்ட வேண்டிய அளவுக்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள். யூனிஸுக்கு உலகத்திலேயே பிடித்த பொருள் டிவிதான். அவளைப் போன்றவர்கள் பக்கத்து ஊரிலேயே இருந்திருப்பார்கள். ஆளுக்கொரு பவர் இல்லாத கண்ணாடியோடு.

நாவலின் இதயம் என்று நான் நினைப்பது கொலைக் காட்சி அல்ல, அதற்குச் சற்று முன்னால் வரும் மெலிண்டாவின் காட்சி. மெலிண்டா அந்த வீட்டிலேயே நல்ல மனசுக்காரி. யூனிஸைத் தோழிபோல நடத்த நினைப்பவள். ஒருநாள் சமையலறையில் உட்கார்ந்து, பத்திரிகையில் வந்த வினாடி வினா ஒன்றை இருவரும் சேர்ந்து போடலாம் என்று உற்சாகமாகக் கூப்பிடுகிறாள். யூனிஸ் நழுவப் பார்க்கிறாள். கண்ணாடியை எடுத்துக் கொடுக்கப் போன மெலிண்டாவுக்கு, அது பவர் இல்லாத வெறும் கண்ணாடி என்பது தெரிந்துவிடுகிறது. மறுநொடி எல்லாமே புரிந்துவிடுகிறது. அவள் கேலி செய்யவில்லை. நான் சொல்லித் தருகிறேன், கஷ்டமே இல்லை என்கிறாள். உண்மையான அன்போடுதான் சொல்கிறாள்.

அந்த அன்புதான் அந்த வீட்டின் மரண சாசனம். யூனிஸ் திருப்பி அடிக்கிறாள். மெலிண்டா கர்ப்பமாக இருக்கலாம் என்று பயந்து காதலனிடம் போனில் பேசியதை ஒட்டுக்கேட்டிருக்கிறாள். என் விஷயத்தை வெளியே சொன்னால் உன் விஷயத்தை உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்கிறாள். மெலிண்டா அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட, ஜார்ஜ் யூனிஸை வேலையை விட்டு அனுப்புகிறார். அதன் பிறகு நடப்பதுதான் பிப்ரவரி 14.

நாவலைப் படித்த நண்பன் ஒருவன், "நல்லது செய்யப் போன பொண்ணைக் கொன்னுட்டாளே, இவளுக்கு எப்படி நீ பரிஞ்சு பேசுற?" என்று கேட்டான். பரிந்து பேசவில்லை. நான்கு பேரைக் கொன்றவளுக்கு என்ன பரிவு? ஆனால் அந்தக் காட்சியில் என்ன தவறாகிப் போனது என்று பார்க்க வேண்டும் என்றேன். அவனுக்குச் சொன்ன உதாரணம் அறிவொளி.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். தெருத் தெருவாக இரவு வகுப்புகள். அந்த மாவட்டத்துப் பெண்கள் படிப்போடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டது நாடு முழுக்கப் பேசப்பட்டது. எங்கள் தெருவில் பத்தாவது முடித்த பக்கத்து வீட்டுப் பெண்தான் தொண்டர். கோயில் வாசலில், தெருவிளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. அப்பத்தா சைக்கிள் பக்கம் போகவில்லை. வகுப்புக்கு மட்டும் சில மாதங்கள் போனார். நாலெழுத்துப் பேரை எழுதக் கற்றுக்கொண்டார். அத்தோடு சரி, அதற்குமேல் ஏறவில்லை. பஸ் போர்டு கடைசிவரை போர்டாகவே நின்றது. ஆனால் அந்த வகுப்பைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சிரிப்புதான். யார் 'ஆ'வுக்குச் சுழி மறந்தது, யார் சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்தது, யார் புருஷன் பேரை எழுத மாட்டேன் என்று அடம் பிடித்தது.

மெலிண்டாவின் சமையலறைக்கும் கோயில் வாசலுக்கும் என்ன வேறுபாடு? கோயில் வாசலில் எல்லோருக்கும் தெரியாது. அதனால் தெரியாதது ரகசியம் அல்ல. சொல்லிக்கொடுத்தவள் தெருவுக்குத் தெரிந்த பிள்ளை, மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த காலத்தில் அப்பத்தா தூக்கி வைத்திருந்த பிள்ளை. சமையலறையிலோ ஒருத்தி முதலாளி மகள், இன்னொருத்தி வேலைக்காரி. ஒருத்தி மற்றவளின் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் உதவி வருகிறது. முதலில் அம்பலம், பிறகு அன்பு. அந்த வரிசையில் வரும் அன்பை வாங்கிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

இதை நாவலுக்கு வெளியே இன்றைக்கும் பார்க்கிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஒரு அக்கா சமைக்க வருகிறார். அறைத்தோழி ஒருத்தி வாராவாரம் மெனுவை அழகான கையெழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவாள். அக்கா அதை போனில் ஒரு போட்டோ எடுப்பார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மகளின் குரல் வாய்ஸ் மெசேஜாக வரும்: "அம்மா, இன்னிக்கு கீரை, நாளைக்கு வத்தக்குழம்பு..." அக்கா போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பார். எவ்வளவு நேர்த்தி! எனக்கு எது சொல்வதானாலும் வாய்ஸ் மெசேஜ்தான். நானும் வாய்ஸில்தான் பதில் அனுப்புகிறேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. பஸ் ஸ்டாண்டில் "போவும் ஆத்தா, ஏறு" என்று சொன்ன தம்பியிடம் கற்றுக்கொண்ட பாடம் அது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் 80 சதவீதம் பேர் எழுத்தறிந்தவர்கள். பெருமையான எண்தான். ஆனால் யூனிஸைப் படித்த பிறகு அந்த எண்ணைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். மீதமிருக்கும் ஐந்தில் ஒருவர், எண்ணிக்கை குறையக் குறைய, இன்னும் தனியாள் ஆகிறார். அப்பத்தா காலத்தில் ஊரே அவரோடு இருந்தது. இப்போது பேங்கில் சலான், ஏடிஎம் திரையில் பொத்தான், போனில் ஓடிபி, ஆஸ்பத்திரியில் டோக்கன் என்று எல்லா வாசலிலும் எழுத்து நிற்கிறது. கேட்பதற்கு மூன்று வீடுகள் இல்லை. கேட்டால் தற்குறி என்பார்களோ என்ற பயம் மட்டும் இருக்கிறது. நாம் லோஃபீல்ட் ஹாலைப் பெரிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

யூனிஸுக்கு அமைந்த ஒரே தோழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராமத்துத் தபால் நிலையத்தையும் கடையையும் பார்த்துக்கொள்ளும் ஜோன் ஸ்மித். மத வெறி தலைக்கேறியவள், ஊராரின் கடிதங்களைப் பிரித்துப் படிப்பவள். எழுத்தே தெரியாத ஒருத்தியும், அடுத்தவர் எழுத்தையெல்லாம் படித்துவிடும் ஒருத்தியும் ஜோடி சேர்கிறார்கள். நாவலில் படிப்பு மனிதரை மேம்படுத்தும் என்ற கோட்பாட்டை உடைப்பவளும் இந்த ஜோன்தான். அவளைப் போலத் தீவிரமாகப் படிப்பவர் அந்த ஊரிலேயே இல்லை. அவள் மனசைப் போல இருண்ட மனசும் அங்கே இல்லை. கதைசொல்லியின் கோட்பாட்டுக்கு ரெண்டலே வைத்த பதில் இது என்று எடுத்துக்கொள்கிறேன்.

1995-இல் கிளாட் ஷப்ரோல் இந்த நாவலை 'லா செரமோனி' என்று பிரெஞ்சில் படமாக்கினார். சான்ட்ரின் பொன்னேர் வேலைக்காரியாகவும், இசபெல் உப்பேர் தபால்காரியாகவும் நடித்தார்கள். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஷப்ரோல் முதலாளி, வேலைக்காரி என்ற வர்க்கக் கோட்டை அழுத்திப் போட்டார். இதைக் கடைசி மார்க்சியப் படம் என்று அவரே பாதி விளையாட்டாகச் சொன்னார். படம் பிடித்திருந்தது. ஆனாலும் வர்க்கம் என்ற ஒரு சொல்லில் இந்தக் கதையை அடக்கிவிட முடியாது என்றே தோன்றுகிறது. கூலி குறைவு என்பதற்காக யூனிஸ் கோபப்படவில்லை. தன் அறையும் டிவியும் அவளுக்குப் போதும். அவளால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்று, அந்தப் பார்வை. "ஓ, உனக்குத் தெரியாதா?" என்று ஒரு முகம் மாறும் அந்த அரை நொடி.

கடைசிப் பகுதியை இதை மனதில் வைத்துப் படியுங்கள். பிப்ரவரி 14 இரவு குடும்பம் மொத்தமும் டிவியில் மொசார்ட்டின் 'டான் ஜியோவானி' ஓபெரா பார்த்துக்கொண்டிருக்கிறது. மெலிண்டா அதை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். யூனிஸும் ஜோனும் துப்பாக்கிகளோடு வருகிறார்கள். இசையோடு சேர்ந்து எல்லாமே பதிவாகிறது. பிறகு ஜோன் ஒரு விபத்தில் சிக்கி நினைவிழந்துவிடுகிறாள். யூனிஸ் தப்பித்தே விடுவாள் என்று தோன்றும் நேரத்தில் அந்த டேப் கிடைக்கிறது. வாழ்நாள் முழுக்க எழுத்துக்குப் பயந்தவளைக் காட்டிக்கொடுத்தது எழுத்து அல்ல, குரல்.

ஆனால் அவளுக்குத் தண்டனை அதுவல்ல. சிறை அவளைப் பயமுறுத்தவில்லை. கோர்ட்டில், ஊர் உலகம் எல்லாம் கேட்க, இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று உரக்கச் சொல்லப்படுகிறது. நான்கு உயிர்களை விலையாகக் கொடுத்து மறைத்தது ஒரு வாக்கியத்தில் வெளியே வந்துவிடுகிறது. பத்திரிகைகள் அதை அச்சடிக்கும். அவளால் அதைப் படிக்கவும் முடியாது. நாவலின் முதல் வாக்கியம் நமக்குச் சும்மா ஒரு தகவலாகத்தான் வந்தது. யூனிஸின் பக்கத்திலிருந்து பார்த்தால், அந்த முதல் வாக்கியமே அவளுக்கான தீர்ப்பு. முதல் பக்கத்திலேயே ரெண்டல் அவளை அம்பலப்படுத்திவிட்டார். அதையும் எழுத்தில்.

படிக்கலாமா என்று கேட்டால், படியுங்கள். சின்ன நாவல்தான், இரண்டு நாளில் முடிந்துவிடும். கதைசொல்லி கோட்பாடு பேசும் இடங்களில் என்னைப் போலவே சண்டை போடுங்கள். கவர்டேல் வீட்டில் எல்லோரும் வருஷக்கணக்காகப் புத்தகங்கள் படித்தார்கள், மேற்கோள்கள் சேர்த்தார்கள், ஓபெரா கேட்டார்கள். தங்களோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தவளின் கண்ணாடியில் பவர் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பல மாதம் ஆனது. டிவியில் தினமும் என்ன பார்க்கிறாய் என்று ஒருவராவது அவளிடம் கேட்டார்களா என்று நான் பக்கங்களைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்கிறேன்.